பொரியோடு சமண மலையில்

பொரி எங்கள் வீட்டு நாட்டு நாய். வெள்ளை உடம்பு, முதுகில் பொரி தூவினாற்போலப் பழுப்புப் புள்ளிகள். எடை 18 கிலோ. எடையை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

தை மாதம்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்ற நினைப்பில் ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்கூட்டரில் காலடியில் நிற்க வைத்து, மதுரைக்குப் பக்கத்தில் சமண மலை அடிவாரத்தில் இருக்கும் கீழக்குயில்குடிக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு டீ, அப்புறம் இன்னொரு டீ. அடிவாரம் போய்ச் சேர ஒன்பதரை. தாமரைக் குளத்தில் இறங்கப் பார்த்தவளை இழுத்துப் பிடித்து, அய்யனார் கோயிலைத் தாண்டிப் பாறைப் படிக்குக் கூட்டிப்போனேன். படியெல்லாம் எனக்குத்தான். அவள் குறுக்கே ஏறிப்போய் மேலே நின்றுகொண்டு, இன்னுமா வரவில்லை என்று பார்த்தாள்.

மலைமேல் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் எட்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று ஒன்றில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் அம்மாவின் பெயர். எனக்கு வட்டெழுத்து வராது. கல்லைத் தொடாமல் காற்றில் விரலால் அந்த எழுத்தை வரைந்து பார்ப்பது ஒரு பழக்கம். பொரி நிழலில் வயிற்றைப் பாறையில் ஒட்டிவைத்துப் படுத்துக்கிடந்தாள். நேரம் போனதே தெரியவில்லை.

இறங்கும்போதுதான் வந்தது வினை. நிழலை விட்டு ஓரடி வைத்தாள், எடுத்தாள். இன்னொரு காலை வைத்தாள், அதையும் எடுத்தாள். புறங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். தோசைக்கல். என் காலில் ஷூ இருந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை. பாட்டில் தண்ணீரைப் பாறையில் ஊற்றினேன். ஊற்றிய தடம் கண்ணெதிரே காய்ந்தது. ஒரு லிட்டரில் மலையைக் குளிர வைக்கப் பார்த்த புத்தியை என்ன சொல்வது!

சரி என்று துண்டைத் தோளில் போட்டு, ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல அவளைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். 18 கிலோ ஆட்டுக்குட்டி. காதோரம் சூடான மூச்சு, பிடரியெல்லாம் எச்சில். சரிவான இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்தே நகர்ந்தேன். பேண்ட் போயிற்று.

ஆலமரத்தடியில் இருந்த பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏந்தம்பி, வாயில்லாச் சீவன இம்புட்டு வெயில்ல ஏத்தலாமா? விடியக்காலைல வர வேண்டியதுதான?"

பதில் சொல்ல வாயில்லை. கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். பொரி குடித்து முடித்து, என்னைத் தாண்டிப்போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நான்கு பாதத்தையும் விரித்துப் பார்த்தேன். கொப்புளம் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினேன். மூன்று தடவை தடவினேன். மூன்று தடவையும் நக்கித் தீர்த்துவிட்டாள்.