கடைசி அசையில் இருந்த பொருள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஓர் ஒப்பந்தத்தைக் கொடுத்துக் கையெழுத்திடச் சொன்னார்கள். கடைசிப் பக்கத்தில் அருகருகே இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றின் கீழ் 'எம்ப்ளாயர்' என்றும் மற்றொன்றின் கீழ் 'எம்ப்ளாயீ' என்றும் அச்சிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் ஏழு எழுத்துகள் வரை இரண்டு சொற்களும் ஒன்றே. எட்டாம் எழுத்தில்தான் பிரிகின்றன. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலம் படித்தவன்தான் நான். ஆனாலும் அன்றைய பதற்றத்தில் சொல்லின் முன்பாதியை மட்டும் பார்த்துவிட்டு, வேலை தருபவருக்குரிய கோட்டின் மேல் என் பெயரை எழுதிவிட்டேன். அலுவலகப் பெண்மணி எதுவும் சொல்லாமல் புதிய தாளை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றிரவு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் 'முதலாளி', 'தொழிலாளி' என்ற இரண்டு சொற்களுக்கும் 'ஆளி' என்ற விகுதி பொதுவாக நிற்கிறது. யார் எவர் என்பதை முன்னால் நிற்கும் பகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் பகுதி பொதுவாக நிற்க, ஆளைப் பிரித்துக் காட்டும் வேலையை விகுதி செய்கிறது. 'அர்' என்று முடிந்தால் செய்பவர். 'ஈ' என்று முடிந்தால் அச்செயலுக்கு உட்படுபவர் அல்லது அதைப் பெறுபவர். பணம் கொடுப்பவர் 'பேயர்', பெறுபவர் 'பேயீ'. குத்தகைக்கு விடுபவர் 'லெஸர்', எடுப்பவர் 'லெஸீ'. வாடகை ஒப்பந்தம், வங்கிப் படிவம், குடியேற்ற விண்ணப்பம் என்று புதிதாக வருகிறவரின் கைக்கு வரும் தாள்களில் எல்லாம் இந்த 'ஈ' உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்பு நீதிமன்றங்களில் பல நூற்றாண்டுகள் பிரெஞ்சு புழங்கியது. அந்தச் சட்ட மொழி வழியாக வந்த விகுதி இது.

'ரெஃபியூஜீ' என்ற சொல்லும் இதே வடிவம் உடையது. 1685இல் பதினான்காம் லூயி மன்னர், புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட்ஸ் ஆணையை ரத்து செய்தபோது, பிரான்சிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த புராட்டஸ்டண்டுகளைக் குறித்தே ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் வழங்கியது. விகுதி செயலுக்கு உட்பட்டவர் என்று சொன்னாலும், இந்தச் சொல்லுக்குரியவர் தாமே முடிவெடுத்து எழுந்து நடந்தவர். ஊரைவிட்டு வந்தவன் என்பதாலோ என்னவோ, இந்தச் சொல்லில் விகுதியின் விதி தவறிப்போயிருப்பது எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

அடுத்த அடி 'லி' விகுதியிலிருந்து விழுந்தது. மாத மதிப்பீட்டுப் படிவத்தில் 'கடுமையாக உழைத்தேன்' என்று எழுத நினைத்து, 'ஹார்ட்' என்பதோடு 'லி' சேர்த்து 'ஹார்ட்லி' என்று எழுதியிருந்தேன். 'குவிக்' என்பது 'குவிக்லி' ஆகிறது, 'ஸ்லோ' என்பது 'ஸ்லோலி' ஆகிறது. ஆகவே இதுவும் அப்படித்தான் என்று நம்பினேன். நான் எழுதிக் கொடுத்ததோ, 'உழைக்கவே இல்லை என்று சொல்லலாம்' என்று பொருள்பட்டது. மேற்பார்வையாளர் என்னை அழைத்து, அந்த 'லி' இரண்டெழுத்தையும் பென்சிலால் அடித்துவிட்டு, "இப்போது சரியாக இருக்கிறது" என்றார். ஒரு காலத்தில் 'ஹார்ட்லி' என்பதற்கும் 'கடுமையாக' என்ற பொருள் இருந்தது. பிறகு அது 'அரிதாக' என்ற பக்கம் நகர்ந்துவிட, 'ஹார்ட்' என்ற சொல்லே பெயரடைக்கும் வினையடைக்கும் பொதுவாக நின்றுவிட்டது. 'லேட்', 'லேட்லி' இரண்டுக்கும் இடையில் இருப்பதும் இதுபோன்ற பிரிவுதான்: ஒன்று 'தாமதமாக', மற்றொன்று 'அண்மைக் காலமாக'.

தமிழில் 'ஆன' என்றால் பெயருக்கு முன், 'ஆக' என்றால் வினைக்கு முன். 'அழகான', 'அழகாக' என்று சொன்னால் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் 'குவிக்லி' வினையடையாக இருக்க, 'ஃபிரெண்ட்லி' மட்டும் ஏன் பெயரடையாக நிற்கிறது என்று கேட்டதற்கு, மாலை வகுப்பு ஆசிரியை தந்த விளக்கத்தை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி விகுதிகள். பெயரடைக்குரியது 'லிக்' என்றும், வினையடைக்குரியது அதன் இறுதியில் ஓர் உயிர் கூடியும் ஒலித்தன. காலப்போக்கில் ஈற்றொலிகள் தேய்ந்து இரண்டும் ஒரே 'லி' ஆகிவிட்டன. அந்த 'லிக்' என்பதற்கு உடல், வடிவம் என்று பொருள். 'போல' என்று பொருள்படும் 'லைக்' என்ற சொல்லும் அதன் உறவுதான். 'ஃபிரெண்ட்லி' என்றால் நண்பரைப் போன்ற. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சொல்லை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

எழுத்தில் திருத்திக்கொண்டதைப் பேச்சில் திருத்துவது இன்னும் கடினமாக இருந்தது. தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்திலோ சில விகுதிகள் வந்து ஒட்டியதும் அழுத்தம் இடம் பெயர்ந்துவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபி' என்பதில் இரண்டாம் அசையில், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையில். புகைப்பட வகுப்பில் சேரப் போனபோது, மூன்று சொற்களையும் முதல் அசையிலேயே அழுத்திப் பழகிய எனக்கு எதிரே இருந்தவர் மும்முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தாளை நீட்டி எழுதிக் காட்டச் சொன்னார். 'நெஸ்', 'லெஸ்', 'ஃபுல்' போன்ற பழைய ஆங்கில விகுதிகள் அழுத்தத்தை அசைப்பதில்லை; லத்தீன், பிரெஞ்சு வழி வந்த 'இட்டி', 'ஷன்' போன்றவை தமக்கு முந்தைய அசைக்கு அதை இழுத்துக்கொள்கின்றன. 'எலக்ட்ரிக்' என்பது 'எலக்ட்ரிசிட்டி' ஆகும்போது அழுத்தத்தோடு ககர ஒலியும் சகரமாக மாறுவதைக் கவனித்தால் இது விளங்கும். இதை எனக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ உரையாடல்களில் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன்.

பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நன்னூல். 'நட' என்ற ஒரே வினையிலிருந்து நடை, நடப்பு, நடத்தை என மூன்று வெவ்வேறு பெயர்கள் பிறப்பதை எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'கன்சிடரபிள்' என்றால் கணிசமான, 'கன்சிடரேட்' என்றால் பிறரை எண்ணி நடக்கிற என்பதும் அதே வகைதான். ஆங்கிலத்தை முழுச் சொற்களாக நெட்டுருப் போட்ட நமக்கு, அதையும் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை.

சில மாதங்களுக்கு முன், முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் அக்கா ஒருவர், வேலையிடத்தில் தமக்குத் தந்த வாழ்த்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது. "தம்பி, என் உதவி 'இன்வேல்யுபிள்' என்று எழுதியிருக்கிறார்கள். 'வேல்யூ' என்றால் மதிப்பு. 'இன்' முன்னால் வந்தால் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? இரண்டு ஆண்டு உழைத்ததற்கு இப்படியா எழுதுவார்கள்?" என்றார்.

நான் ஒரு தாளில் அந்தச் சொல்லை மூன்றாகப் பிரித்து எழுதினேன். இங்கே 'வேல்யூ' என்பது மதிப்பு என்ற பெயர்ச்சொல்லாக வரவில்லை, மதிப்பிடு என்ற வினையாக வருகிறது. 'ஏபிள்' என்ற விகுதி அவ்வினையோடு சேர்ந்து 'மதிப்பிட இயலும்' என்றாகிறது. 'இன்' அந்த இயலுதலைத்தான் மறுக்கிறது என்று சொன்னேன். 'லெஸ்' சேர்ந்த 'வேல்யூலெஸ்' என்றால்தான் மதிப்பற்றது. அதே 'லெஸ்' 'பிரைஸ்' என்பதோடு சேர்ந்தால், தமிழில் நாம் 'விலைமதிப்பற்ற' என்று எதைச் சொல்கிறோமோ அதுவாகிவிடும் என்பதையும் எழுதிக் காட்டினேன்.

அக்கா தாளை நெடுநேரம் பார்த்தார். "அப்படியென்றால் இது விலைமதிப்பற்ற உதவி என்று எழுதியிருக்கிறார்கள்" என்றார். பிறகு அந்தத் தாளை இரண்டாக மடித்து, அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.