மிளகு மணக்கும் ஷிராஸ்

ஜனவரி 12, 2025, ஞாயிறு
ஏற்காடு

மெல்போர்னில் இருக்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்துவிட்டான். ஸ்வெட்டரில் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்திருக்கிறான். விக்டோரியா மாநிலத்து கிராம்பியன்ஸ் பகுதியின் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். "மாமா, இதுல நம்ம தோட்டத்து மிளகு வாசம் வரும் பாருங்க" என்றான். மிளகு போடுவார்களா என்றேன். ஒரு மணிகூட இல்லையாம், திராட்சைத் தோலிலேயே அந்த வாசம் இருக்கிறதாம். கரிநாளன்று திறப்பதாக முடிவு.

ஜனவரி 13

ராத்திரி தூக்கம் விட்டுப் படித்தேன். ஷிராஸும் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் சிராவும் ஒரே திராட்சைதான். பெயரை வைத்து ஈரானின் ஷிராஸ் நகரத்தோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். 1998-ல் மரபணுவைப் பார்த்தபோது துரேசா, மோந்தூஸ் பிளாங்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சுத் திராட்சைகளின் பிள்ளை என்று தெரிந்தது. 1832-ல் திராட்சை வளர்ப்பு முன்னோடி ஜேம்ஸ் பஸ்பி இதன் கொடிக்குச்சிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த வாசத்தின் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். பெயர் ரோட்டண்டோன். மிளகிலும் அதேதான், வெறும் சாயல் இல்லை. ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கி, அதில் பதினாறு! குளிர்ந்த இடத்தில் பழுத்த பழத்தில் அது கூடுதலாம்.

ஜனவரி 16, கரிநாள்

மேச்சேரி ஆட்டுக்கறி, எலும்போடு. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, போன வாரம் களத்தில் காய்ந்த மிளகு. மிளகை அம்மியில் ஒன்றிரண்டாகத்தான் நுணுக்கினேன். இறக்கும்போது பாதி, மேலே தூவப் பாதி.

பாட்டிலை ஒரு மணி நேரம் முன்பே திறந்து திண்ணையில் வைத்தோம். இந்த ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். தை மாதச் சாயங்காலம் அதை இங்கே சும்மா கொடுக்கிறது. சேலத்து வீட்டில் என்றால் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நாவல்பழச் சாறு மாதிரி அடர்ந்த நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் மிளகு! களத்தில் பாயை உதறும்போது எழும் அதே வாசம். முதல் வாய்க்குக் கொட்டைப்பாக்கைக் கடித்த துவர்ப்பு, நாக்கு வறண்டது. கொழுப்போடு ஒரு துண்டுக் கறி தின்றுவிட்டுக் குடித்தேன், துவர்ப்பு அடங்கிப் பழம் மேலே வந்தது.

மனைவி வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டுப் பள்ளிபாளையம் சிக்கனும் செய்திருந்தாள். தனியாகச் சாப்பிட அமிர்தம். ஒயினோடு சேரவில்லை. 14 சதவீத ஆல்கஹால் காரத்தைத் தூக்கிவிட்டு வாயை எரித்தது. மிளகாய்க் காரம் வேறு, மிளகுக் காரம் வேறு என்று வாய் சொல்லிக்கொடுத்த நாள்.

சித்தப்பாவிடம் கிளாஸை நீட்டினேன். நாற்பது வருஷமாக மிளகு காயவைக்கிறவர். ரொம்ப நேரம் மோந்து பார்த்தார். "பழம் தெரியுது சாமி. மிளகு எங்க?" என்றார். எத்தனை முறை மோந்தும் அவருக்குப் பிடிபடவில்லை. ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் தெரியவே தெரியாதாம். அதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம் அவர் பேசவேயில்லை.

ஜனவரி 18

மீதி இருந்ததை மேட்டூர் மீன் வறுவலோடு குடித்துப் பார்த்தோம். இரும்புச் சாவியை நக்கியது போல இருந்தது. மீனுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஜனவரி 19, ஞாயிறு

காலை ஆறரைக்கே சித்தப்பா கதவைத் தட்டினார். வேட்டி மடிப்பில் மிளகுச் சரங்கள், ஒவ்வொரு மரத்துக் கொடிக்கும் ஒரு முடிச்சு. கிழக்குச் சரிவு தனி, பள்ளத்து நிழல் தனி. "எதுல அந்த வாசம் அதிகம்னு எனக்குத் தெரியாது. நீ மோந்து சொல்லு, அந்தக் கொடியில பதியன் எடுக்கலாம்" என்றார்.

உள்ளங்கையில் கசக்கிக் கசக்கி மோந்தேன். ஆறாவது மரத்தோடு மூக்கு மழுங்கிவிட்டது. மீதி ஐந்தை வாழைச்சருகில் மடித்துத் திண்ணையில் வைத்திருக்கிறார், நாளைக் காலைக்கு.