பேப்பர் கப்பும் 12ஆம் பிரிவும்

பாலக்காட்டு எல்லையில், சித்தூர் தாலுகாவில் வக்கீல் குமாஸ்தா வேலை எனக்கு. கட்சிக்காரர்களில் பாதிப்பேர் பேசுவது தமிழ், ஸ்டேஷனில் எழுதுவது மலையாளம். நடுவில் நான்.

தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு பெரியவர் கூலி பாக்கி விஷயமாக வந்திருந்தார். பேச்சுவாக்கில், டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரர்களுக்கு மட்டும் பேப்பர் கப் என்றார். நான் பேனாவை எடுத்ததும் பதறிவிட்டார். "அதெதுக்குங்க தம்பி எழுதறீங்க? எப்பவும் நடக்கறதுதானுங்களே!"

எப்பவும் நடக்கிற அதைத்தான் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது. தீண்டாமை என்றால் இன்னது என்று அங்கே விளக்கம் கிடையாது. தீண்டாமையைக் குற்றமாக்கிய 1955 சட்டத்திலும் கிடையாது. ஆனால் எதையெல்லாம் மறுக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது: கோயில், கடை, கிணறு, குழாய், ஏன், ஓட்டலில் பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரம்கூட. 1976 திருத்தத்தில் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. ராஜி செய்துகொள்ளவும் முடியாது என்று ஆனது. இருந்தும் "பேசித் தீர்த்துக்கலாமே" என்று சொல்பவர்களுக்குக் குறைவில்லை.

கடைக்காரரைக் கேட்டால் சுத்தம் என்பார். அதற்குத்தான் இதே சட்டத்தின் 12ஆம் பிரிவு. பட்டியல் சாதிக்காரருக்குக் கிளாஸ் மறுக்கப்பட்டது என்று நிரூபித்துவிட்டால் போதும், தீண்டாமையால்தான் மறுத்தார் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர் பாடு. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இது. மனசுக்குள் இருப்பதை யாரால் நிரூபிக்க முடியும்?

தண்டனைதான் சப்பென்று இருக்கும்: 1 மாதம் முதல் 6 மாதம், அபராதம் 100 முதல் 500 ரூபாய். ஆனால் 2016இல் அமலுக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் பொதுப் பாத்திரத்தைத் தடுப்பதும் குற்றமாகச் சேர்ந்துவிட்டது. செய்தவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவர் என்றால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை. விசாரணை அதிகாரி டிஒய்எஸ்பிக்கு, அதாவது போலீஸ் துணைக் கண்காணிப்பாளருக்கு, குறையக்கூடாது.

அதனால் புகார் எழுதும்போது 'அவமானப்படுத்தினார்' என்று மொட்டையாக எழுதுவதில்லை. எந்தக் கடை, என்ன தேதி, எத்தனை மணி, அதே நேரத்தில் கிளாஸில் குடித்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுவேன்.

பெரியவர் கூலி பாக்கிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். தோப்புக்காரரும் டீக்கடைக்காரரும் மாமன் மச்சான். அப்புறம், காலனிக்காரர்கள் சாட்சி சொன்னால் எல்லாரும் ஒரே ஆட்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கிளாஸில் குடித்தவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டும். அப்படி ஒருவர் இதுவரை எங்கள் ஆபீஸ் படி ஏறியதில்லை.