ஷாக் போகவில்லை: ஆர்எக்ஸ் 100-இன் பின்பக்கக் கிறீச் சத்தம்

மாமா ஓட்டிவிட்டு என்னிடம் கொடுத்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 1994 மாடல். எஞ்சின் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'கிறீச்' என்று கத்தும். பின்னால் ஆள் உட்கார்ந்துவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். தெருமுனை மெக்கானிக் சீட்டை இரண்டு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஷாக் போயிடுச்சு சார், ஜோடியா மாத்திடுங்க" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஷாக்கில் (குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில்) ஆயில் கசிவு கிடையாது. சீட்டை அமுக்கி விட்டால் வண்டி ஒரே தரம் எழும்பி நின்றுவிடுகிறது. ஷாக் போயிருந்தால் குதித்துக்கொண்டே இருக்கும். அதோடு, மழையில் நனைந்த அன்றும் வாட்டர் சர்வீஸ் விட்ட அன்றும் சத்தமே இருக்காது, காய்ந்ததும் திரும்பி வந்துவிடும். அப்படியென்றால் ஏதோ ஒன்று உலர்ந்துபோய் உரசுகிறது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஷாக் அமுங்காது. அதனால் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தம்பியை சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோடு ஒட்டி, நுனியை ஒவ்வொரு போல்ட்டிலும் வைத்துக் கேட்டேன். சேஸிஸ் வழியாகச் சத்தம் எங்கும் ஓடும் என்பதால், வெறும் காதுக்கு அது சீட்டுக்கு அடியிலிருந்து வருவதுபோலத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரில் கேட்டபோது, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் போல்ட்டில்தான் பலமாக இருந்தது.

இருந்தாலும் ஷாக்கின் மேல், கீழ் ரப்பர் புஷ்களையும் (போல்ட் உட்காரும் வளையங்கள்) பார்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீர் விட்டேன். இடது கீழ் புஷ்ஷில் விட்டபோது சத்தம் கொஞ்சம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. இந்த இடத்தில் எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொல்பவர்கள் நிறைய உண்டு. ஊற்றாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் கழற்றித்தான் ஆகவேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம், செயின், பிரேக் ராட், இரண்டு ஷாக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்விங் ஆர்மை மட்டும் கையால் மேலும் கீழும் ஆட்டினேன். அதே 'கிறீச்'! பக்கவாட்டில் இழுத்தால் லேசான ஆட்டமும் தெரிந்தது. ஜோடி ஷாக் வாங்கியிருந்தால் அந்தக் காசு தண்டம்.

போல்ட் அசையவில்லை. துரு விடுவிக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் மரை நசுங்காமல் இருக்க நட்டை நுனிவரை திருப்பி வைத்து, மேலே மரக்கட்டை கொடுத்துத் தட்டியதும் நகர்ந்தது. உள்ளே இருந்த கிரீஸ் தார்போல இறுகியிருந்தது. வலது பக்கத்தில் அதுவும் இல்லை. புஷ்ஷுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்டீல் ஸ்லீவ் (குழாய்) துருப்பிடித்துச் சிவந்து, நகத்தால் தடவினால் பள்ளம் தட்டியது. வாட்டர் சர்வீஸில் அழுத்தமான தண்ணீரை நேராக அந்த இடத்தில் அடித்தால் கிரீஸ் வெளியே போய்விடும், தண்ணீர் உள்ளே தங்கிவிடும். இப்போதெல்லாம் வீட்டில் வாளித் தண்ணீர்தான்.

ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டாலும் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. பழைய சாமான் என்றால் சென்னையில் புதுப்பேட்டை. ஆனால் ஸ்விங் ஆர்மின் தேய்ந்த புஷ்ஷை எடுத்துவிட்டு இன்னொரு தேய்ந்த புஷ்ஷைப் போடுவதில் என்ன இருக்கிறது? ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைத்தது. முதலில் கொடுத்த செட்டில் ஸ்லீவ் உள்ளே கடகடவென்று ஆடியது, கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு போகவேண்டும், ஆடக்கூடாது.

புது புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஓரம் உடையும். நீளமான போல்ட் ஒன்றை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் பெரிய வாஷர் வைத்து நட்டை முறுக்கினால் அதுவே நேராக உள்ளே போய் உட்காரும். ஸ்லீவ், போல்ட் இரண்டிலும் தாராளமாகக் கிரீஸ் தடவி மாட்டினேன். போல்ட்டை இறுக்கிய பிறகு ஸ்விங் ஆர்மைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே கீழே இறங்கவேண்டும். பிடித்துக்கொண்டு நின்றால் ஸ்லீவ் நீளம் குறைவு என்று அர்த்தம். (அன்றாடம் ஓட்டும் பல கம்யூட்டர் பைக்குகளில் ரப்பரும் இரும்பும் சேர்த்து ஒட்டிய புஷ்தான் வரும். அதற்குக் கிரீஸ் வேலைக்காகாது, மாற்றவேண்டியதுதான்.)

ஷாக்கின் இடது கீழ் ரப்பரும் வெடித்திருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன், சில்லறைச் செலவு. சக்கரத்தை மாட்டும்போது செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, பிரேக் டார்க் ராட் (பிரேக் தட்டு சுழலாமல் பிடிக்கும் கம்பி) நட்டில் காட்டர் பின் (நட் கழன்றுவிடாமல் தடுக்கும் ஊசி) போட்டாயிற்றா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறீச் போய்விட்டது. அது போன பிறகுதான் சாரி கார்டிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வருவது காதில் விழுகிறது. அதற்கு ஒரு ரப்பர் வாஷர் போதும் என்று நினைக்கிறேன்.