நடுவில் ஒட்டாத பாலங்கள்

ஸ்ட்ராட்ஃபர்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் ஷேக்ஸ்பியருக்காகத்தான் போகிறார்கள், சரி. நான் சொல்லவந்தது அந்த ஊருக்கு வந்து சேரும் கால்வாயைப் பற்றி. பர்மிங்ஹாமின் தெற்கில் கிங்ஸ் நார்ட்டனில் கிளம்பி, ஏறத்தாழ 25 மைல் வளைந்து வந்து, ஏவன் ஆற்றில் சேர்கிறது. 1816-ல் வெட்டி முடித்தார்கள்.

இதன் தெற்குப் பாதியில் சின்னச் சின்னப் பாலங்கள் வரும். நின்று பாருங்கள். இரண்டு கரையிலிருந்தும் நீளும் வார்ப்பிரும்புக் கைகள் நடுவில் ஒட்டாமல், கயிறு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு விட்டு நிற்கும். படகைக் குதிரை இழுத்த காலம் அது. பாலத்துக்கு அடியில் குதிரைக்கும் பாதை விட்டால் பாலம் அகலமாகும், செலவும் ஏறும். அதனால் பாலத்தைக் குட்டையாகக் கட்டிவிட்டு, குதிரை சுற்றிக்கொண்டு போகட்டும், கயிறு இடுக்கு வழியாக வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவிழ்த்துக் கட்டும் வேலையே கிடையாது. கஞ்சத்தனத்தில் பிறந்த யோசனைதான், ஆனால் ஆடம்பரமாகக் கட்டிய எந்தப் பாலத்தையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும். இங்கிலாந்தின் பழைய கால்வாய்ப் பாலங்கள் பலவற்றின் மூலை இரும்பில் விரல் புதையும் அளவுக்குப் பள்ளங்கள் இருக்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, இங்கே மண் ஒட்டிய ஈரக்கயிறு இரும்பையே தேய்த்திருக்கிறது.

இந்தக் கால்வாயின் பிழைப்பே பாலங்களால்தான் ஆடியது. 1947-ல் கிங்ஸ் நார்ட்டன் பக்கம் படகுக்காகத் தூக்கித் திறக்க வேண்டிய ஒரு பாலம் திறக்க முடியாதபடி கிடந்தது. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் 'கிரெஸ்ஸி' என்ற தன் படகோடு, எனக்கு இங்கே போக உரிமை உண்டு என்று வந்து நிற்க, ரயில்வே கம்பெனி (கால்வாய் அப்போது அவர்கள் கையில்) ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. அப்புறம் 1958-ல், ஒரு பாலத்தைப் புதுப்பிக்கும் செலவு மிச்சமாகும் என்று கவுண்டி நிர்வாகம் தெற்குப் பாதியையே மூடப் பார்த்தது. யாரும் பயன்படுத்துவதில்லை என்றார்கள். சிறு துடுப்புப் படகில் போன இரண்டு பேர், நாங்கள் போயிருக்கிறோமே என்று கால்வாய்க் கட்டணச் சீட்டை எடுத்து நீட்டினார்கள். தன்னார்வலர்களும் சிறைக் கைதிகளுமாகச் சேர்ந்து சீர்செய்து, 1964-ல் மறுபடி திறந்தாயிற்று.

இப்போது படகில் போகிறவர்களுக்குக் கவலை கயிறு அல்ல, தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும்தான். 'வாட்டர்மேட்' சாவி ஒன்று வாங்கிக்கொண்டால் நாடு முழுக்க கால்வாயோரக் கழிப்பறை, குளியலறை, கழிவு கொட்டும் 'எல்சான்' அறை பெரும்பாலும் அதற்கே திறக்கும். கால்வாய்களைப் பராமரித்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் (பிடபிள்யூ) 2012-லேயே போய், அதன் இடத்தில் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் வந்துவிட்டாலும், பழைய ஆட்கள் அந்தச் சாவியை இன்னும் பிடபிள்யூ சாவி என்றுதான் சொல்கிறார்கள். எல்சான் வேலையைக் காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் முடித்துவிடுவது உத்தமம், விவரம் கேட்காதீர்கள். குழாய் எங்கே, பால் வாங்கக் கடை எங்கே என்று கேட்டால் தெருப்பெயர் வராது, பாலத்தின் எண்தான் வரும். அந்த எண் பாலத்தின் மேலேயே சின்னத் தகட்டில் இருக்கும்.

வழியில் எட்ஸ்டோனில் 475 அடி நீள இரும்புத் தொட்டியில் படகு ரோட்டையும் ரயில் பாதையையும் தாண்டும். நடைபாதை தொட்டியின் அடிமட்டத்தில் இருப்பதால், நடப்பவருக்குப் பக்கவாட்டில், காலடியைவிட உயரத்தில் தண்ணீர் போகும். அதைத் தாண்டினால் வில்ம்கோட்டில் வரிசையாக 11 லாக், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மட்டம் மாற்றும் கதவு வைத்த அறைகள். அவற்றின் மடைகளைத் திறக்கும் கைப்பிடியான விண்ட்லாஸைச் சுற்றிச் சுற்றிக் கை கழன்றுவிடும், அதனால் தண்ணீர் பிடிக்கும் வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள். கோடை வார இறுதி என்றால் ஸ்ட்ராட்ஃபர்டின் பேன்க்ராஃப்ட் பேசினில் (படகுகள் நிற்கும் துறையில்) படகைக் கட்ட இடம் கிடைப்பது கஷ்டம், சீக்கிரமே போய்ச் சேருங்கள்.