லைக் போடுபவர் வேறு, ஆர்டர் தருபவர் வேறு: ஆரி பிளவுஸ் வேலைக்கு இன்ஸ்டாகிராம்

ஆரி, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்பிராய்டரி, வேலை செய்பவர்கள் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கியதும் முதலில் போடுவது ஊசி ஓடும் வீடியோ. ஸ்டாண்டில் துணி விறைப்பாக இருக்கும், ஊசி இறங்கி ஏறும், ஜரி சங்கிலி வரிசையாக ஓடும். பார்வை வரும், ஃபாலோயர் ஏறும். கமெண்டில் 'சூப்பர் அக்கா', 'எந்த நம்பர் ஊசி அக்கா', 'கிளாஸ் எடுப்பீங்களா அக்கா'. ஆர்டர் மட்டும் வராது.

இதில் குழம்ப ஒன்றுமில்லை. அந்த வீடியோ யாரைக் கூப்பிட்டதோ அவர்கள்தான் வந்திருக்கிறார்கள்: ஆரி கற்க நினைப்பவர்கள், ஏற்கெனவே ஆரி போடுபவர்கள். கல்யாணப் பெண்ணுக்கு ஊசி எப்படிப் போகிறது என்பதில் அக்கறை கிடையாது. அவர் தேடுவது 'பேக் நெக் டிசைன்'. அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: என் புடவைக்கு இது எடுக்குமா, முகூர்த்தத்துக்கு முன்னால் கைக்கு வருமா, எவ்வளவு ஆகும். பக்கத்தை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தபோது நாங்கள் முதலில் செய்தது, பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து 'இது யாருக்கு' என்று தாளில் எழுதியதுதான். வாங்குபவர், கற்பவர், பொட்டிக் கடைக்காரர் என்று மூன்றே பத்தி. பெரும்பாலான பதிவு நடுப்பத்தியில் போய் விழுந்தது.

பெயரில் தொடங்கலாம். யூசர்நேமுக்கு 30 எழுத்துவரை இடம் உண்டு, ஆனால் போனில் சொன்னால் எதிராளி ஒரே தடவையில் அடிக்க வேண்டும். இரண்டு அடிக்கோடு, நடுவில் புள்ளி, கடைசியில் பிறந்த வருடம் எல்லாம் வைத்தால் அது நடக்காது. யூசர்நேமுக்குக் கீழே தடித்த எழுத்தில் தெரிகிற பெயர்ப் பெட்டி தனி. தேடலில் அதுவும் கணக்கில் வரும். அங்கே கடைப் பெயரையே திரும்பப் போடாமல் தொழிலையும் ஊரையும் போட வேண்டும், 'ஆரி பிளவுஸ் மதுரை' என்பது போல. மக்கள் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள் என்பதால் அதை ஆங்கிலத்தில் வைப்பது நல்லது. இந்தப் பெட்டியை 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் யோசித்து மாற்றுங்கள். பயோவுக்கு 150 எழுத்து. தமிழில் எழுதினால் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணிக்கையில் சேர்ந்து சட்டென்று தீர்ந்துவிடும். என்ன வேலை, எந்த ஊர், வெளியூருக்கு அனுப்புவீர்களா, ஆர்டர் எடுக்கக் குறைந்தது எத்தனை நாள் வேண்டும், இந்த நான்கும் போதும். 'பேஷன் டிசைனர், ட்ரீமர், அம்மாவின் செல்லம்' எல்லாம் இடத்தை அடைப்பவை.

கடைப் பெயரை போர்டு, விசிட்டிங் கார்டு, துணிப்பை என்று அச்சடிக்கும் முன் டிரேட்மார்க் தளத்தின் பொதுத் தேடலில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது இலவசம். டிரேட்மார்க்கில் தொழில்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஆரி, தையல் சேவை 40ஆம் வகுப்பில் வரும். தைத்த பிளவுஸை ரெடிமேடாக விற்றால் 25. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் ₹4,500, பதிவானால் 10 ஆண்டு செல்லும். வெறும் 'ஆரி வொர்க்ஸ்' போலத் தொழிலையே சொல்லும் பெயரைப் பதிவது கடினம். சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்டு வரும் போனை வைத்துவிடலாம்.

கணக்கை புரொஃபஷனலாக மாற்றும்போது பிசினஸா கிரியேட்டரா என்று கேட்கும். பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது, கிரியேட்டரில் கிடைக்கும். அதே சமயம் அந்தப் பாட்டு போட்ட ரீலைப் பின்னால் காசு கட்டி பூஸ்ட் செய்யப் போனால் ஏற்காது. விளம்பரமாக ஓட்ட நினைக்கும் வீடியோவுக்கு உங்கள் குரலையே கொடுங்கள். 'இது கத்தரிப்பூ கலர் புடவைக்குப் போட்டது, கைக்கு மட்டும் நாலு நாள் ஆச்சு' என்று சாதாரணமாகப் பேசினால் போதும்.

இனி வீடியோ. வாங்குபவருக்கான வீடியோவில் முதல் நொடியிலேயே முடிந்த பிளவுஸின் முதுகுப்பக்கம் தெரிய வேண்டும், டம்மியிலோ ஆளிலோ. அடுத்து கை, அதன்பின் பக்கத்தில் அந்தப் புடவையின் முந்தானை. கடைசியாகத்தான் வேலைப்பாட்டின் நெருக்கக் காட்சி. தரையில் விரித்து மேலிருந்து எடுத்த பிளவுஸ் படம் ஆரி போடுபவருக்குப் புரியும். உடுத்துபவருக்கு அது வெறும் துணி, கழுத்து எவ்வளவு இறங்கும் என்பதுகூட அதில் தெரியாது.

கற்பவருக்கான வீடியோவில் எல்லோரும் மேலிருந்து ஊசியை எடுக்கிறார்கள். புதிதாகக் கற்பவர் தடுமாறுவதோ துணிக்குக் கீழே. மேல்கை ஊசியை இறக்க, கீழ்க்கை நூலை ஊசியின் கொக்கியில் சுற்றிவிட, ஊசி அரைத்திருப்பு திரும்பி நூலை வளையமாக மேலே இழுக்கிறது. கொக்கி துணியில் மாட்டிக் கிழிவதும், வளையம் கழன்று சங்கிலி மொத்தமாக அவிழ்வதும் அந்த அரைத்திருப்பில்தான். போனை ஸ்டாண்டுக்கு அடியில் ஸ்டூலில் சாய்த்துவைத்து, கீழ்க்கை விரல்களை மட்டும் இருபது விநாடி எடுங்கள். கிளாஸுக்கு ஆள் சேர்ப்பது அதுதான். ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து டிரேசிங் தாளின் ஓட்டைகள் வழியே தேய்ப்பதும் அதே ரகம். தாளை உரித்ததும் கோடு அப்படியே துணியில் நிற்கும் அந்த ஒரு விநாடியை வெட்டிவிடாதீர்கள்.

படப்பிடிப்பில் தொல்லை தருவது ஜரியும் டியூப்லைட்டும். ஜரியும் ஜர்கன் கல்லும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து வெள்ளைப் பொட்டாகிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் தங்க நிறம் திரும்பி வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 30, 60 ஃப்ரேமில் எடுத்தால் சில விளக்குகளில் திரையில் பட்டை ஓடும். புரோ மோடில் ஷட்டரை 1/100 வைத்தால் நின்றுவிடும். அந்த வசதி இல்லாத போன் என்றால் விளக்கை அணைத்துவிட்டு, வெயில் நேராக விழாத ஜன்னலோரம் காலை நேரத்தில் எடுங்கள். ஃபேனையும் நிறுத்த வேண்டும். தொங்கும் நூல் ஆடும், ஒலியும் கெடும்.

நிறத்தில்தான் சண்டை வரும். மயில் கழுத்து, தேன் கலர் போல இரண்டு நூல் ஊடும் பாவுமாய்க் கலந்த பட்டு, கோணத்துக்குக் கோணம் மாறித் தெரியும். போன் தானாக வெள்ளையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று பச்சையை நீலமாக்கிவிடும். ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒயிட் பேலன்ஸைக் கையால் அமைக்கவும். நூல் நிறம் முடிவு செய்யும்போது ஃபில்டர் போட்ட படத்தை வாடிக்கையாளருக்கு அனுப்பவே கூடாது. பகல் வெளிச்சத்தில் புடவை மேல் நூல்கண்டை வைத்து எடுத்த படத்துக்கு அவர் 'ஓகே' சொன்ன மெசேஜ் இருந்தால், பின்னால் பேச்சு வராது.

கவர் படத்தில் ஒரு சிக்கல். 2025 ஜனவரியில் புரொஃபைல் கட்டம் சதுரத்திலிருந்து நீள்வடிவத்துக்கு மாறியது. அதற்கு முன் சதுரத்துக்கு அளந்து எழுத்து வைத்த பழைய கவர்களில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். பழையதை எல்லாம் திருத்த நேரம் செலவிட வேண்டாம், மேலே பின் செய்யும் மூன்று பதிவுகளைச் சரிசெய்தால் போதும். அந்த மூன்றில் ஒன்று சிறந்த கல்யாண வேலை, ஒன்று விலை விவரம், ஒன்று ஆர்டர் கொடுக்கும் முறை.

எப்போது போடுவது என்று கேட்டால் மணிக்கணக்கு சொல்லும் ஆட்கள் உண்டு. இந்தத் தொழிலுக்கு மாதக்கணக்குதான் முக்கியம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் பெரும்பாலோர் வீட்டில் முகூர்த்தம் இல்லை. ஆவணி, தை, வைகாசியில் கை ஓயாது. வேலை நிறைந்திருக்கும்போது பதிவு போட நேரம் இருக்காது, ஓய்வாக இருக்கும்போது போட வீடியோ இருக்காது. பேக் செய்யும் முன் ஒவ்வொரு பிளவுஸையும் முப்பது விநாடி எடுத்துச் சேர்த்துவைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆவணிக் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துவிட்டு ஆடியில்தான் பிளவுஸ் டிசைன் தேடுவார்கள். வைகாசி வேலைகளை ஆடியில் இறக்குங்கள், ஐப்பசியில் முடித்ததை மார்கழியில். 'ஆவணி 15 வரை ஸ்லாட் முடிந்தது' என்று ஸ்டோரியில் உண்மையாகச் சொல்வது எந்த ஆஃபரையும்விட வேலை செய்கிறது. பொய்யாகச் சொன்னால் அடுத்த தெரு அக்காவே காட்டிக் கொடுத்துவிடுவார்.

எண்களில் எதைப் பார்ப்பது? இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னபடி, முக்கியமானவை மூன்று: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், லைக், பிறருக்கு அனுப்பியது. புதியவர்களிடம் போய்ச் சேர அனுப்பலுக்கு எடை அதிகம். ஆரி பக்கத்தில் அனுப்பல் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்: பெண் தன் அம்மாவுக்கோ அக்காவுக்கோ 'இது எப்படி இருக்கு' என்று அனுப்புவது. லைக் குறைவாகவும் சேவ், அனுப்பல் அதிகமாகவும் இருக்கும் பதிவுதான் ஆர்டர் பதிவு. ஆரி அக்காக்கள் குழுவில் 'நீ என்னை ஃபாலோ பண்ணு, நான் உன்னை' என்று ஏற்றிக்கொள்ளும் ஆயிரம் பேர் உங்கள் போட்டியாளர்கள். வாங்க மாட்டார்கள், டிசைனை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஹேஷ்டேக் மூன்று நான்கு போதும், ஊர்ப் பெயரை விடாதீர்கள்.

பூஸ்ட் செய்வதானால் ஊசி வீடியோவைத் தொடவே வேண்டாம், காசு முழுதும் கற்பவர் பக்கம் போகும். டம்மியில் எடுத்த வேலையை, 'மெசேஜ்' என்ற இலக்கோடு, உங்கள் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் மட்டும் குறித்து, ஐந்து நாள் ஓட்டிப் பாருங்கள். நாளுக்கு ₹200 என்று வைத்தால் ₹1,000, அதன்மேல் 18% ஜிஎஸ்டி. ஐந்து நாளில் எத்தனை பேர் கல்யாணத் தேதியைச் சொல்லிப் பேசினார்கள் என்பதை எண்ணுங்கள், பார்வையை அல்ல.

ஆர்டர் கைநழுவுவது பெரும்பாலும் டிஎம்மில்தான். நீங்கள் ஃபாலோ செய்யாதவர் அனுப்பும் மெசேஜ் 'ரிக்வெஸ்ட்ஸ்' பகுதிக்குப் போகும், சிலது அதற்கும் உள்ளே 'ஹிடன் ரிக்வெஸ்ட்ஸ்'க்கு. அறிவிப்பு வராமலும் போகலாம். வாரம் கழித்துத் திறந்தால் 'அக்கா, 12ஆம் தேதி கல்யாணம்' என்று கிடக்கும், தேதி 14 ஆகியிருக்கும். காலையும் மாலையும் இரண்டையும் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

பதிலைச் சேமித்துவைத்த பதிலாகவே வைத்திருக்கலாம்: விசேஷம் எந்தத் தேதி, புடவைப் படம், கழுத்துக்கும் கைக்கும் சேர்த்தா, அளவு பிளவுஸ் அனுப்ப முடியுமா, பட்ஜெட் எவ்வளவு. இந்த ஐந்துக்கும் பதில் வந்தால் வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாற்றி லேபிள் போடவும். கமெண்டில் விலை கேட்டவருக்கு 'டிஎம் பண்ணுங்க' என்று மட்டும் சொல்வது பழைய வியாதி. 'கை மட்டும் ₹2,500லிருந்து' என்று அங்கேயே தொடக்க விலையைச் சொன்னால், வாங்க முடியாதவர் விலகிக்கொள்வார், முடிந்தவர் மட்டும் உள்ளே வருவார்.

விலையை வாய்க்கு வந்தபடி சொல்லாமல் மணிநேரத்தில் கட்டுங்கள். உதாரணத்துக்கு 40 மணி நேர வேலை, மணிக்கு ₹100 என்றால் ₹4,000. ஜரி, சுகர் பீட்ஸ், கல், லைனிங் ₹900. தையல் ₹800. ஆக ₹5,700. இதில் ஆயிரம் குறைக்கச் சொன்னால் மணிக்கூலி ₹75 ஆகிவிடும் என்பது கண்முன் நிற்கும். குறைக்க வேண்டுமென்றால் விலையில் கைவைக்காமல் வேலையைக் குறையுங்கள்: நெருக்கி நிரப்பும் முழு லோட் ஸ்டிட்ச்சுக்குப் பதில் வேலை குறைவான வாட்டர் ஃபில்லிங், முழங்கைக்குப் பதில் பார்டர் மட்டும். துணி வெட்டும் முன் பாதித் தொகை முன்பணம். யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கில் பார்த்தபின்தான் ஸ்டாண்டில் கட்ட வேண்டும். 'பணம் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று யாராவது சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

கல்யாணப் படம் கேட்டு வாங்குங்கள், பெண்ணின் சம்மதம் மெசேஜில் எழுத்தாக இருக்கட்டும். முகம் வேண்டாம் என்றால் முதுகுப்பக்கம் போதும், நமக்கும் அதுதானே தேவை. போட்டோகிராபரின் பெயரை வெட்டாமல் டேக் செய்யுங்கள். அவரும் மேக்கப் போட்டவரும் சேர்ந்து கொலாப் பதிவாகப் போட்டால் மூன்று பக்கத்து வாடிக்கையாளரும் பார்ப்பார்கள். அவர்கள் இருவரிடமும் கல்யாணப் பெண்கள் முன்கூட்டியே வந்து நிற்கிறார்கள்.

வேலையில் அடுத்த படிக்குப் போக நினைப்பவருக்கு மூன்றாம் பத்தி, அதாவது பொட்டிக். அவர்களுக்கு ரீல்ஸ் பார்க்க நேரமில்லை. நான்கு அங்குலச் சதுரத் துணியில் ஒரு தையலுக்கு ஒரு மாதிரி என்று பத்து போட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து, ஒரே கேரோசல் பதிவாக, அதாவது தள்ளித் தள்ளிப் பார்க்கும் பல படப் பதிவாக, வையுங்கள். பின்பக்க முடிச்சு சுத்தமாக இருந்தால் எவரும் கேட்காமலேயே கூலி பேசலாம். ஒவ்வொரு மாதிரிக்கும் எத்தனை மணி நேரம் என்று எழுதியிருந்தால், மாதத்துக்கு எத்தனை பிளவுஸ் உங்களால் முடியும் என்பதை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

பக்கம் வளர்ந்ததும் 'காப்பிரைட் புகார், 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்' என்று நீலக்குறி படத்தோடு மெசேஜ் வரும். லிங்கைத் தொட்டால் கணக்கு போய்விடும். இன்ஸ்டாகிராம் உண்மையில் அனுப்பிய மெயில்களின் பட்டியல் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, அங்கே இல்லையென்றால் அது போலி. லாகினில் பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் டூ ஃபேக்டரை ஆதென்டிகேட்டர் ஆப்பில் வைத்து, பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி அளவு நோட்டுக்குள் செருகிவையுங்கள். அந்த நோட்டிலேயே ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அவர்களின் போன் நம்பரும் இருக்கட்டும். கணக்கே முடங்கினாலும் தை மாத ஆர்டருக்குக் கூப்பிட்டுப் பேச அது போதும்.