வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி போர்ஷனை வாடகைக்கு விடப்போவதாகச் சொந்தக்காரர் ஒருவர் யோசனை கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் போடுகிறேன்.

தெரிந்த ஆள்தானே, வாய்ப்பேச்சு போதும் என்று விடாதீர்கள். 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்; அதைப் பதிவும் செய்ய வேண்டும். புரோக்கர் நீட்டுகிற பழைய ஃபார்மின் லட்சணம் சண்டை வரும்போதுதான் தெரியும்.

சாவி கொடுக்கும் நாளில் ஈபி மீட்டர் ரீடிங்கை இருவரும் நின்று போட்டோ எடுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நடுவில் குடிவந்தவர் எவ்வளவு கட்டுவது என்பதில்தான் மனஸ்தாபமே ஆரம்பிக்கும். குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள் எல்லாம் வீடியோவில் இருக்கட்டும். காலி செய்தால் பிடித்தம் போக அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். எந்த ஓட்டை யார் போட்டது என்று அப்போது வாதாட வேண்டியிருக்காது.

அப்புறம், நம்மூர் உப்புக்காற்று. ஜன்னல் கம்பி துருப்பிடித்ததற்கெல்லாம் குடியிருந்தவருடைய அட்வான்ஸில் நாம் கைவைப்பது அநியாயம். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் அடைத்த சருகை எடுத்துவிடுங்கள். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.